மஞ்சள் சீட்டு யார் கண்ணுக்கு?

ஊரில் காயலான் கடை என்போம். மும்பைக்கு வந்த பிறகு அதே தொழிலுக்கு பங்கார் என்று பெயர். பெயர்தான் மாறியது, உடைக்கிற கை மாறவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறி வந்த நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கைதான் இன்றும் சோறு போடுகிறது.

பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்று லாரியில் வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். முதலில் அடியில் உள்ள வால்வைத் திறந்து எண்ணெயை வடிப்பார்கள். பிறகு மூடியைக் கழற்றிச் செம்புச் சுருளைப் பிரிப்பார்கள். செம்புக்கு விலை, தகட்டுக்கு விலை. எண்ணெயும் வீண் போவதில்லை. வெல்டிங் செட்டுக்கு ஒருவர் கேட்டு வாங்குவார், அடுப்பு மூட்ட ஒருவர் வாங்குவார். மூட்டுவலிக்கு நல்லது என்று ஒரு பாட்டில் வீட்டுக்கும் வரும். பாட்டிகள் முழங்காலில் தேய்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரும்பாலான டிரான்ஸ்பார்மர்களில் இருப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கனிம எண்ணெய். ஆனால் சில பழைய டிரான்ஸ்பார்மர்களிலும் கெப்பாசிட்டர்களிலும் இருப்பது வேறு. அதன் முழுப்பெயர் பாலிகுளோரினேட்டட் பைபினைல், சுருக்கமாக பி.சி.பி. (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சைப் பலகையையும் நம் பையன்கள் பி.சி.பி. என்கிறார்கள். அது வேறு, இது வேறு.) எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதால் இதைத் தேடி வாங்கினார்கள். கெடாது என்ற அந்தக் குணமே வினையாயிற்று. மண்ணிலும் கெடாது, மீனிலும் கெடாது, மனித உடம்பின் கொழுப்பிலும் கெடாது. தோல் வழியே உள்ளே போகும். தாயிடமிருந்து பால் வழியே பிள்ளைக்கும் போகும். குறைந்த சூட்டில் எரித்தால் இதைவிடக் கொடிய பியூரான் நஞ்சுகள் பிறக்கும். 2013-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

ஜப்பானில் 1968-இல் தவிட்டு எண்ணெய் ஆலை ஒன்றில் சூடேற்றும் குழாய் கசிந்து, உள்ளே ஓடிய பி.சி.பி. சமையல் எண்ணெயில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். முகமெல்லாம் கட்டி, கண்ணில் பீளை, தீராத அசதி. கர்ப்பிணிகளுக்குத் தோல் கறுத்த குழந்தைகள் பிறந்தன. 1979-இல் தைவானில் அதே கதை திரும்ப நடந்தது. அமெரிக்கா அந்த 1979-இலேயே உற்பத்தியைத் தடை செய்தது.

நம் அரசு எப்போது விழித்தது? இந்தியா ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-இல் ஏற்றது. அதற்கும் பத்தாண்டு கழித்து, 2016 ஏப்ரலில், பி.சி.பி. ஒழுங்குமுறை ஆணை வந்தது. உற்பத்தியும் இறக்குமதியும் கூடாது. 2025 டிசம்பர் 31-க்குள் எந்த வடிவிலும் பயன்பாடு முற்றாக நிற்க வேண்டும் என்றது அது. அந்தத் தேதி வந்து போய்விட்டது. பயன்பாட்டை நிறுத்தியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிறுத்திய பொருள் எங்கே போகிறது? காற்றில் கரையாது. ஏதோ ஒரு கொட்டகையில் பீப்பாயில் நிற்க வேண்டும். அல்லது லாரியேறி நம்மிடம் வர வேண்டும். இதற்கு மூன்றாவது வழி, அதற்கென்று அமைத்த ஆலையில் முறையாக அழிப்பது. மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்க வேண்டும், அல்லது இரசாயன முறையில் குளோரினைப் பிரிக்க வேண்டும். அதற்குச் செலவு உண்டு. ஏலத்திலோ வரவு உண்டு!

கொட்டகையில் நிறுத்துவதற்கும் முறை இருக்கிறது. மேலே மழை ஒழுகாத கூரை. கீழே எண்ணெய் ஊறாத சிமெண்டுத் தளம். பீப்பாய் ஓட்டையானாலும் எண்ணெய் வெளியே ஓடாதபடி சுற்றிலும் வரப்புப் போலக் கட்டிய சிறு சுவர். உள்ளே வடிகால் துவாரம் இருக்கக்கூடாது. இறுக மூடிய எஃகுப் பீப்பாய், கசிவு பார்க்கக் குறித்த நாளில் ஓர் ஆள். நெருப்பும் தின்பண்டமும் அண்டக்கூடாது. அபாயக் கழிவு விதிகள், 2016, இப்படிப்பட்ட சரக்கை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கின்றன. சில நிலைமைகளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காலத்தை நீட்டித் தரலாம். வரவு, இருப்பு, போக்கு எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். லாரியில் ஏற்றினால் அனுப்பியவர், கொண்டுபோனவர், பெற்றவர் மூவரும் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல இடமில்லை, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் ‘இது அபாயக் கழிவு’ என்று உடையவர் ஒப்புக்கொண்ட நொடியிலிருந்துதான் உயிர் பெறுகிறது. எண்ணெயைச் சோதிக்காமல், ‘பழைய இரும்பு, இத்தனை டன்’ என்று எழுதி ஏலம் விட்டுவிட்டால்? கொட்டகையும் வேண்டாம், வரப்பும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். நஞ்சும் பொறுப்பும் ஒரே லாரியில் ஏறிவிடுகின்றன.

கற்பனை செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். 2010-இல் தில்லி மாயாபுரியில் என்ன நடந்தது? தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்போடு ஏலத்தில் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. வாங்கியவருக்குத் தெரியாது, உடைத்தவருக்கும் தெரியாது. ஒரு தொழிலாளி இறந்தார். மேலும் பலர் தோல் கருகி மருத்துவமனையில் கிடந்தார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்தே அப்படி ஒரு பொருள் வெளியே வந்தது. கோபால்ட் சில நாளில் தோலைச் சுட்டுக் காட்டியது, செய்தித்தாளில் வந்தது. பி.சி.பி. அப்படிக் காட்டிக்கொடுக்காது. இருபது ஆண்டு கழித்து ஈரலில் வந்து நிற்கும். அப்போது எந்த ஏலத்தை, எந்த லாரியைத் தேடுவது?

இன்னொன்று. விதிகளின் எட்டாம் படிவம் பீப்பாயில் ஒட்ட வேண்டிய சீட்டைப் பற்றிப் பேசுகிறது. பளிச்சென்ற மஞ்சள் நிறம். அதன்மேல் சிவப்பு எழுத்தில் ‘அபாயக் கழிவு, கவனமாகக் கையாள்க’ என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் வட்டார மொழியிலும் எழுதியிருக்க வேண்டும். இங்கே வட்டார மொழி மராட்டி. மராட்டியில் எழுதுவதை நாம் குறை சொல்லவில்லை. இந்த மண்ணின் மொழி அது, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பீப்பாயை உருட்டுகிறவர் யார்? தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நம் அண்ணாச்சி. எந்த எழுத்தும் தெரியாத பீகார்ப் பையன். மூன்று மொழியில் எழுதியும் தொடுகிற ஆளுக்குச் சேதி சேராவிட்டால் அந்தச் சீட்டு இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத்தான். வேலை செய்பவருக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் தேவையான தகவலும் தர வேண்டும் என்று அதே விதிகளின் நான்காம் விதி உடையவரைக் கட்டாயப்படுத்துகிறது. தகவல் என்றால் புரிகிற மொழியில் சொன்னால்தானே தகவல்?

ஆகவே சீட்டில் வேலையாளின் மொழியும் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லட்டும். எண்ணெய்ச் சோதனை முடிவை டிரான்ஸ்பார்மரின் உடம்பிலேயே பெயிண்டில் எழுதாமல் எதையும் ஏலத்துக்கு விடக்கூடாது. கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால் அது இரும்பு வியாபாரம் அல்ல. சோதிக்க வசதி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பெங்களூர் மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் இந்தச் சோதனையைச் செய்கிறது.

முதலாளியையும் அதிகாரியையும் கேட்டு முடித்த பிறகு நம்மையும் கேட்க வேண்டும். ஏலம் எடுப்பவர் வேறு ஆளாக இருக்கலாம். ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரி பல இடங்களில் நம்மவர்தான். ஊர்ப் பையன், மச்சான் மகன் என்று கூட்டிவந்து, கையுறைகூட இல்லாமல் வால்வைத் திறக்கச் சொல்கிறவரும் அவர்தான். ‘நாம் மறுத்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான்’ என்பது அவர் பதில். உண்மைதான், எடுத்துக்கொள்வான். அந்த அடுத்தவனோடும் பேசி, எந்த மேஸ்திரியும் சோதனைச் சீட்டு இல்லாத சரக்கைத் தொடுவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பது கடினம். கூலி உயர்வுக்கு ஒன்று சேர்ந்தவர்களுக்கு இது முடியாத காரியமா? இந்தத் தொழிலில் உள்ளவர்களைப் பதிவு செய்வது, அவர்கள் உடல்நலத்தை ஆண்டுதோறும் கண்காணிப்பது ஆகியவற்றை மாநிலத் தொழிலாளர் துறையின் தலையில் 2016 விதிகளே வைத்திருக்கின்றன. அந்தத் துறையின் வாசலுக்கு மேஸ்திரியும் கூலியாளும் சேர்ந்தே போகலாம்.

வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தால் இன்றைக்கே தேய்ப்பதை நிறுத்துங்கள். அதில் எந்த எண்ணெய் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சாக்கடையில் ஊற்ற வேண்டாம், அடுப்பில் விட வேண்டாம், காலிப் பாட்டிலைக் கழுவிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தனுப்ப வேண்டாம். மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். எந்தப் பட்டறையிலிருந்து எப்போது வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சங்கத்தில் சொல்லுங்கள். வாரியத்துக்கு எழுதும் மனுவில் அந்த விவரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.