பரணில் கிடக்கும் ஒத்திகைப் படிகள்

சென்ற மாதம் தென் கொல்கத்தாவில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். வங்கியில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே நாற்பது ஆண்டுகள் சிறு நாடகக் குழு ஒன்றை நடத்திய நெறியாளரின் வீடு அது. அவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய தாள்கள் அடங்கிய இரண்டு தகரப் பெட்டிகளைக் காட்டுவதாக மகள் கூறியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெட்டிதான் இருந்தது. மற்றொன்றில் இருந்தவை முந்தைய வாரம் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போய்விட்டன. “அச்சான நாடகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், கிறுக்கல்களைத்தான் போட்டோம்” என்றார் அவர்.

அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. கல்விப்புலத்தில் இருக்கும் நாமும் அவற்றைக் கிறுக்கல்கள் என்றே கருதிவந்திருக்கிறோம். அச்சேறாத, தேதியிடப்படாத, பல கைகள் பட்ட தாள்களை மூலப் பனுவலாகக் கொள்ள இயலாது என்று என் ஆய்வுத் திட்டத்தின்மீது ஒரு குழு எழுத்தில் தந்த கருத்து இன்னும் என் மேசையில் இருக்கிறது. அந்தக் கருத்து தவறு என்பதே இப்பதிவின் வாதம். எஞ்சிய பெட்டியில் கண்ட ஒன்றைக் கொண்டே அதைச் சொல்கிறேன்.

ஆலை முதலாளி ஒருவரின் முன் ஒரு தொழிலாளியின் விதவை நின்று பேசும் காட்சி. அதற்கு மூன்று படிகள் பெட்டியில் இருந்தன. வங்காளியில் முன்னிலைக்கு மூன்று நிலைகள் உண்டு: மரியாதைக்கு ‘ஆப்னி’, நெருக்கத்திற்கோ சமநிலைக்கோ ‘துமி’, மிகுந்த உரிமைக்கோ இழிவுக்கோ ‘துயி’. வினையும் உடன் மாறும். ‘சொல்’ என்னும் ஏவலே பொலுன், பொலோ, போல் என மூன்றாகும். முதற்படியில் அந்தப் பெண் தொடக்கம் முதல் இறுதிவரை ‘ஆப்னி’ என்றே பேசுகிறாள். இரண்டாம் படியில் எல்லாவற்றையும் அடித்து ‘துமி’ ஆக்கியிருக்கிறார் நெறியாளர். மூன்றாவதில் அதையும் அடித்துவிட்டுப் பழைய ‘ஆப்னி’யையே மீட்டு, கடைசி ஒரு வாக்கியத்தை மட்டும் பச்சை மையில் ‘துயி’ என்று மாற்றி, ஓரத்தில் ‘இங்கே மட்டும்’ என்று எழுதியிருக்கிறார். தமிழில் அந்த மூன்றாம் நிலையை எட்ட ‘டா’ என்னும் விளியொட்டைத் துணைக்கு அழைக்க வேண்டும். அங்கே ஒரு வினைமுடிபு போதும்.

அச்சுப் பதிப்பில் அந்த வாக்கியம் ‘ஆப்னி’யாகவே இருக்கிறது. அச்சகத்திற்குப் போனது முதற்படி. ஆக, நூலகத்தில் ‘மூலம்’ என்ற தகுதியோடு அமர்ந்திருக்கும் பனுவல், ஒத்திகை தொடங்கும் முன்பே கைவிடப்படவிருந்த ஒன்று. ஒரு கீழ்நிலைப் பெண் முதலாளியை ஒருமையில் அழைக்கும் கணத்தை எங்கே வைப்பது என்று ஒரு குழு வாரக்கணக்கில் தேடியதன் சான்று, எடைக்குப் போகும் தாளில் இருக்கிறது. சமூக மொழியியலில் மரியாதைச் சுட்டுகள் குறித்துப் பல நூல்கள் உள்ளன. பேச்சாளரே தம் தேர்வை மூன்றுமுறை எடைபோட்டுப் பதிந்துவைத்த தரவு அவற்றில் எனக்கு அரிதாகவே கிடைத்தது.

பெரிய அரங்குகளின் நிலை வேறு. ‘கடற்புறா’ நாடகத்திற்கு ஸ்தானிஸ்லாவ்ஸ்கி 1898இல் எழுதிய நிகழ்த்துகைக் குறிப்புகள் நூலாக வந்துள்ளன. பிரெக்ட் தம் தயாரிப்புகளுக்கு ‘மாதிரி நூல்கள்’ தொகுக்கச் செய்தார். அவர் மறைந்த 1956ஆம் ஆண்டிலேயே பெர்லினில் அவருடைய ஆவணக் காப்பகத்திற்கு ஹெலேன வைகல் அடித்தளமிட்டார். நம்மிடமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. பிரதிபா அகர்வால் 1981இல் கொல்கத்தாவில் தொடங்கிய நாட்டிய சோத் சன்ஸ்தானும், நேமிசந்திர ஜைன் தில்லியில் நிறுவிய நடரங் பிரதிஷ்டானும் இல்லையென்றால் என்னைப் போன்றோர் ஆய்வைத் தொடங்கவே முடியாது. ஆனால் இருநூறு பேர் பார்த்த நாடகத்தை எட்டுப் பேர் கொண்ட குழுவாய் நடத்தியவரின் தாள்கள் எந்தக் காப்பகத்தின் வாசலுக்கும் தாமாக வருவதில்லை.

பாதல் சர்க்காரை எண்ணிப் பாருங்கள். ‘ஏவம் இந்திரஜித்’தை 1963இல் எழுதிப் புகழ்பெற்றவர், பின்னர் படச்சட்ட மேடையையே துறந்தார். ‘சதாப்தி’ குழுவோடு அறைகளிலும் பூங்காக்களிலும், ஒளியமைப்பும் காட்சிப் பொருள்களும் இன்றி, கட்டணமும் வாங்காமல் நிகழ்த்தினார். சந்தால் கிளர்ச்சியைத் தொடும் ‘பாசி கபர்’ குழுவினர் தேடித் தொகுத்தவற்றிலிருந்து கூட்டாக உருவானது. இத்தகைய அரங்கில் அச்சிட்ட உரையாடல் நாடகத்தின் ஒரு பகுதியே. யார் எந்த உடலசைவோடு யாருக்குப் பின்னால் நின்றார், பார்வையாளர் எங்கே அமர்ந்தனர் என்பவை குறிப்பேட்டில் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை. அவர் 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகத்திற்கு ஒரு திருப்பம் என்று எல்லோரும் எழுதுகிறோம். அதில் பங்கேற்றவர்களின் குறிப்பேடுகள் எத்தனை, யார் வீட்டுப் பரணில் உள்ளன என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஒரு முரணையும் சொல்லிவிடுகிறேன். 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் கீழ், நாடகக்காரர்கள் தம் பனுவலைக் காவல்துறையிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. அரசு கேட்டு வாங்கியது தூய படியை. ஒத்திகைப் படியை யாரும் கேட்கவில்லை.

எதிர்வாதங்களில் இரண்டு என்னை நிறுத்தி யோசிக்கவைப்பவை. நாடகம் அந்த மாலையோடு முடிவது, அதைத் தாளில் அடைப்பது அதன் இயல்புக்கே துரோகம் என்பார்கள் சில நாடக நண்பர்கள். நிகழ்வு முடிந்துபோகட்டும்; அதை உருவாக்கிய உழைப்பும் ஏன் முடிந்துபோக வேண்டும் என்பதே என் கேள்வி. சிறு குழுக்களின் உழைப்பை மறப்பது, பெரிய அரங்குகளின் வரலாற்றையே நாட்டின் நாடக வரலாறாக ஒப்புக்கொள்வதில்தான் முடியும்.

இரண்டாவதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. அந்தப் பெட்டியில் ஒரு நடிகையைப் பற்றிக் கடுமையான சில வரிகள் இருந்தன. அவர் உயிரோடு இருக்கிறார். மகள் அந்தப் பக்கங்களை என் கண்முன்னே பிரித்தெடுத்தார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. கிழித்தெறிவதற்குப் பதில் உறையிலிட்டு ஒட்டி, முப்பது ஆண்டுகள் திறக்கலாகாது என்று எழுதி வைக்கலாமே என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “யோசிக்கிறேன்” என்றார்.

நாடகக் குழுக்களோடு தொடர்புள்ள நண்பர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சில வேண்டுகோள்கள். தாள்கள் எந்த வரிசையில் கிடக்கின்றனவோ அதே வரிசையில் விடுங்கள். ‘ஒழுங்குபடுத்தினால்’ எந்தத் திருத்தம் முந்தியது என்பது தெரியாமல் போகும். வரவுசெலவுப் பக்கங்களைத் தனியே எடுத்து வீசாதீர்கள். ஒரு பாத்திரம் ஏன் திடீரென்று மறைந்தது என்று நான் கதையமைப்பில் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நடிகருக்குப் பணியிட மாற்றம் வந்ததும், வழியனுப்பச் சிங்காராவும் தேநீரும் வாங்கியதும் கணக்குப் பக்கத்தில் இருந்தன. தாளின் பின்பக்கத்தையும் படமெடுங்கள். அவர் எழுதியது வங்கியின் பழைய படிவங்களின் மறுபக்கத்தில். தேதியற்றவை என்று அந்தக் குழு ஒதுக்கிய தாள்கள் பலவற்றை நான் காலவரிசைப்படுத்துவது, அப்படிவங்களில் அச்சிட்டிருக்கும் ஆண்டைக் கொண்டுதான். குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தால், எது யாருடைய கையெழுத்து என்று அவரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அங்கே போகிறேன். பழைய தாள் வாங்குபவர் தெருமுனையில்தான் கடை வைத்திருக்கிறாராம். முதலில் அவரிடம் போய்விட்டு வருவதாக உத்தேசம்.