தமிழுக்கு எழுத்து மூன்றா, ஐந்தா?

நிரல் எழுதும் மாணாக்கர், ‘தமிழ்’ என்னும் சொல்லின் எழுத்துகளை எண்ணுமாறு கணினியைப் பணித்தால், பெரும்பாலும் ஐந்து என்றே விடை வரும். கருவியில் பழுதில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒவ்வொன்றையும் தனி எண்ணாகச் சேமிப்பது யூனிகோடு. 1991இல் வந்த அதன் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை ஒட்டியது. உயிர்மெய்க்குத் தனியிடம் தரும் டேஸ் 16ஐயும் 2010இல் தமிழக அரசு ஏற்றது. கருவிகளோ யூனிகோடையே அறியும்.

இதனினும் இடர் தருவது நம் அண்டையூர்ப் பெயரான ‘சோழவரம்’. ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் இடலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. தேடலோ ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டுவிடும். பட்டியலில் இருக்கும் ஊரே ‘இல்லை’ என்றாகும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்கும் இயல்பாக்க முறையை யூனிகோடே வகுத்துள்ளது.

இதனைக் கணினித்துறை பார்த்துக்கொள்ளும் எனத் தமிழ்த்துறை ஒதுங்குவது முறையன்று. ‘தேனீ’ எழுத்துருவைத் தந்த அதிராம்பட்டினம் உமர் தம்பி (1953–2006) தமிழ்ப் பேராசிரியர் அல்லர் என்பதும் நமக்குச் சற்றே உறுத்தலாக இருக்கட்டும்! நன்னூல் எழுத்தியல் வகுப்புகளுள் ஒன்றையேனும் வரும் பருவத்தில் கணினி அறையில் நடத்த வேண்டுகிறோம்.