இளைப்பாறியவருக்கு வேண்டியது பணி

அரச சேவையில் இளைப்பாறும் வயது 2022இல் 65 ஆக உயர்த்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் மீண்டும் 60 ஆக்கப்பட்டது. எந்த வயதில் இளைப்பாறுவது என்று எல்லோரும் வாதிட்டார்கள். இளைப்பாறிய பின் என்ன செய்வது என்று பேசியவர்கள் சிலரே.

நமது விவசாயியும் மீனவரும் ஒரே நாளில் இளைப்பாறுவதில்லை. மூப்பு வரவரப் பாரமான வேலையை மகனிடம் விட்டு, விதைநெல் பார்ப்பதையும் வலை பொத்துவதையும் தம்மிடம் வைத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர், எழுதுவினைஞர், தாதி ஆகியோரின் நிலை வேறு. நேற்றுவரை பலருக்கு வேண்டியவராக இருந்தவர், இன்று எவருக்கும் வேண்டாதவர்போல் உணர்கிறார். ஓய்வூதியம் இந்த வெறுமையை நிரப்பாது.

ஆகவே ஐம்பத்தைந்து வயதிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். எனக்குத் தெரிந்ததில் எது ஊருக்குப் பயன்படும்? இன்னும் எதைக் கற்க விரும்புகிறேன்? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் கொடுக்க முடியும்? இக்கேள்விகளைக் குடும்பத்தோடு இருந்து பேச வேண்டும். இளைப்பாறிய பெண்களுக்குச் சமையலும் பேரப்பிள்ளைகளும் காத்திருப்பதால், அவர்களுடைய நேரத்தையும் வீட்டார் மதிக்க வேண்டும்.

ஊரில் வேலைக்குக் குறைவில்லை. கடன் சங்கத்தின் கணக்கைச் சரிபார்க்க எழுதுவினைஞர் தேவை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு ஆசிரியர் தேவை. நீரிழிவு மருந்தை இடையில் நிறுத்திவிட்டவரை வீடு தேடிச் சென்று பார்க்கத் தாதி தேவை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இளைப்பாறிய சிலர் சங்கத் தலைவராகிவிட்டால் கதிரையை விட்டு எழும்புவதில்லை. இளைஞர்கள் மெல்ல விலகுகிறார்கள். பிறகு அவர்களுக்கு அக்கறையில்லை என்று நாமே குறை சொல்கிறோம். அனுபவசாலிக்கு வேண்டியது பணி, பதவியல்ல. இளம் செயலாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து அறிக்கை எழுதப் பழக்குபவரே சங்கத்தை வாழவைப்பவர். பின் வந்தவருக்கு வழிவிட்ட திருமுழுக்கு யோவான் நமக்கு நல்ல முன்மாதிரி.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. கிராமங்களில் முதியோர் சங்கங்களும் இயங்குகின்றன. அவை மருத்துவ முகாமோடும் சுற்றுலாவோடும் நின்றுவிடக் கூடாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் தினம் ஆண்டுதோறும் ஜூலை மாத நான்காம் ஞாயிறன்று வருகிறது. அன்று மாலை அணிவித்து வீட்டுக்கு அனுப்புவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொருவரும் எதில் வல்லவர் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். அடுத்த கிழமையே அவர்களிடம் போய் உதவி கேட்போம். கேட்டால் மறுப்பவர்கள் மிகச் சிலரே.