டிரான்சிஸ்டரைத் திட்டாதீர்கள், உங்கள் கையைப் பாருங்கள்

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஏழாம் வகுப்பில் அறிவியல் படித்தவன் ஒருவன் (இப்போது அவன் மகனே கல்லூரிக்குப் போகிறான்) வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், 5200, 1943 ஜோடி மூணாவது தடவையா போயிடுச்சு. கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்து ஏமாத்துறான்" என்றான். கடை வாசலில் நாலு பேர் பார்க்கச் சண்டையும் போட்டிருக்கிறான். டூப்ளிகேட் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் என்னை உசுப்பியது. "ஹீட் சிங்க் சூடே ஆகல சார், அதுக்குள்ள போயிடுச்சு."

அடப்பாவி! ஹீட் சிங்க் ஜில்லென்று இருந்தால் சூடு அங்கே வந்து சேரவில்லை என்றுதானே அர்த்தம்?

கழற்றிப் பார்த்தேன். துளை போட்ட இடத்தில் பிசிறை வழிக்கவில்லை. டிரான்சிஸ்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தச் சந்தை மூட தோசை மாவு மாதிரி பேஸ்ட். பேஸ்ட் காற்றைவிடத்தான் மேல், அலுமினியத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை நிரப்புகிற அளவு, மைக்காவின் இரு பக்கமும் மெல்லிசாகத் தடவினால் போதும்.

"150 வாட் டிரான்சிஸ்டர் சார்" என்கிறான். அது டிரான்சிஸ்டரின் உடம்பு 25 டிகிரியில் இருக்கும்போது. சித்திரை மாதத்தில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 25 டிகிரியில் வருவதில்லை! அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1.2 வாட் கழித்துக்கொள்ள வேண்டும். 75 டிகிரியில் 90 வாட், 100 டிகிரியில் 60 வாட். ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

இதைவிடப் பெரிய தப்பு, பயாஸ் டிரான்சிஸ்டரை ஒயரில் அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தான். சூடு ஒரு டிகிரி ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். பயாஸ் மட்டும் குறையாமல் நின்றால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும். கந்துவட்டி மாதிரி, நிற்கவே நிற்காது. அதனால்தான் பயாஸ் டிரான்சிஸ்டரையும் அதே ஹீட் சிங்க்கில் மாட்டச் சொல்கிறார்கள். காற்றில் தொங்கினால் அதற்கு என்ன தெரியும்?

ஃபேன் போட்டேன் என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். ஹீட் சிங்க்குக்கு வந்து சேராத சூட்டை ஃபேன் எங்கிருந்து ஊதும்?

நானும் யோக்கியன் இல்லை. சர்வீஸில் சேர்ந்த புதிதில் ஆண்டு விழாவுக்கு 2என்3055 போட்டு ஒரு செட் செய்தேன். அதன் உலோக உடம்பேதான் கலெக்டர். கிழிந்த மைக்காவைக் கவனிக்காமல் மாட்டிவிட்டேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது, பார்க்கவில்லை. வாடகை ஸ்பீக்கரின் காயில் கருகியது. சம்பளத்தில் கட்டினேன். அன்று நானும் கடைக்காரரைத்தான் திட்டினேன்.

பிசிறை அரம் போட்டு வழித்து, புது ஜோடியை மாட்டிக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் பாடியது. ஹீட் சிங்க் நன்றாகவே சுடுகிறது. கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாயா என்றால் பதிலே இல்லை. தம்பி, இதை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். போய்விட்டு வந்து கீழே எழுது.