நாலு வகுப்பறை, ஒரே நோயாளி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிநடத்திய ஆய்வு அது. ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் அவரிடம் படித்த ஒரு மாணவி. பரிசோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். ஆக, ஆரம்பமே கூட்டு முயற்சிதான்!

அன்றைக்கு எச்.ஐ.வி. என்றால் மரண ஓலை. இன்று அப்படி இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பல பத்தாண்டுகள் வாழலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உயிரோடு இருப்பது மட்டும் போதுமா? வேலைக்குப் போக வேண்டாமா? பாதம் மரத்துப்போவது, காசநோய் குணமான பிறகும் விடாத மூச்சிரைப்பு, பக்கவாதம், எலும்பு பலவீனம், மறதி, மனச்சோர்வு... இப்படிப் பல தொல்லைகள் வரலாம். அதுவும் ஒரே சீராக இருக்காது. இந்த வாரம் ஓடியாடி வேலை செய்தவர் அடுத்த வாரம் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார். மறுவாழ்வு சிகிச்சை தேவைப்படுவது இங்கேதான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தையல் வேலை செய்யும் 45 வயதுப் பெண். பாதம் மரத்து மெஷின் மிதிக்க முடியவில்லை. டாக்டர் வைரஸ் அளவைப் பார்த்து "நல்லா இருக்கீங்கம்மா" என்கிறார். நர்ஸ் காலில் உள்ள புண்ணைப் பார்க்கிறார். பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லித் தருகிறார். மருந்தாளுநர் மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார். "மாத்திரையாலதான் இந்தக் கால் வலி, நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்று அந்த அம்மா சொல்வது ஆலோசகரிடம் மட்டும்! அந்த ஒரு வரி டாக்டர் காதுக்குப் போகாவிட்டால் மற்ற நால்வர் உழைப்பும் வீண்.

ஒரே கணக்கை நாலு பேர் நாலு பேரேட்டில் எழுதி, யாரும் யாருடையதையும் பார்க்காவிட்டால் இருப்பாய்வு எப்படிச் சரியாகும்?

குறை மனிதர்களிடம் இல்லை, படிக்கும் விதத்தில் இருக்கிறது. மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி கல்லூரிகள் பலவும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. ஆனால் பாடத்திட்டம் தனி, வகுப்பு தனி. வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவரும் ஒருவரிடமிருந்து ஒருவரும் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே பாடம் நிரம்பி வழிகிறதே என்பார்கள். நியாயம்தான். புதிய பேப்பர் வேண்டாம். வருடத்துக்கு நாலு மதியங்கள் போதும். நாலு துறை மாணவர்கள் ஒரே மேஜையில், ஒரே கேஸ் ஷீட்டோடு உட்காரட்டும். எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர், சம்மதத்தோடும் உரிய சம்பளத்தோடும், ஆசிரியராக வரட்டும்.

சேர்ந்தால் மட்டுமே பேசக்கூடிய கேள்விகளும் உண்டு. 2017-ல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டப்படி, நோயாளியின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. சிகிச்சைக்கு அவசியமென்றால் மட்டும், அதில் ஈடுபட்டிருக்கும் இன்னொரு மருத்துவப் பணியாளரிடம் சொல்லலாம். அப்படியானால் பிசியோதெரபிஸ்டுக்குத் தெரிய வேண்டுமா? எப்போது? இதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒருவர் ஊருக்கே சொல்வார், இன்னொருவர் சொல்ல வேண்டியதையும் மறைப்பார். இரண்டிலும் அடிபடுவது நோயாளிதான்.

டாக்டர் பேச மற்றவர்கள் தலையாட்டும் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த பிறகு மாறாது. இருபது வயதில், ஒரே பெஞ்சில் உட்காரும்போதுதான் மாறும்.

மருத்துவம், நர்சிங் படிக்கும் நண்பர்களே, பக்கத்துக் கட்டடத்தில் என்ன பாடம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?