ஒரு சாண் தூரத்தில் நெருப்பு



கொடைக்கானலோ ஏற்காடோ, விடுமுறைக்குக் கிளம்பும் கார்களின் டிக்கியில் இப்போதெல்லாம் புதிதாக ஒரு சாமான் ஏறிக்கொள்கிறது. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் உள்ளே ஒற்றை பர்னர் அடுப்பு. அதன் ஓரத்தில், கொசு மருந்து ஸ்ப்ரே அளவுள்ள கேஸ் கேனைப் படுக்க வைக்க ஓர் அறை. டியூப் கிடையாது, தனியாக ரெகுலேட்டர் கிடையாது. கேனை வைத்து, லீவரை அழுத்தி, நாபைத் திருப்பினால் நீல நெருப்பு. தீர்ந்துவிட்டால் வேறு கேன்.

சௌகரியமான சாமான்தான். மலைப்பாதையில் குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். மழை வெள்ளத்தில் கரண்ட் போய் இண்டக்‌ஷன் அடுப்பு சும்மா கிடக்கும் நாளில் பெரியவர்களுக்குக் கஞ்சி வைக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இது புதிதே இல்லை. அங்கே மேஜை நடுவில் ஸ்டீம்போட் சட்டி கொதிப்பது இதன் மேல்தான். ஆகவே, வாங்காதீர்கள் என்று சொல்ல இந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று பேசத்தான்.

முதலில் அந்தக் கேன். உள்ளே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக பியூட்டேன் வாயு. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். 20 டிகிரியில் கேனுக்குள் இருக்கும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு. 50 டிகிரிக்குச் சூடேறினால் ஐந்து மடங்கு. மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 50 டிகிரி என்பது நமக்குச் சர்வசாதாரணம் இல்லையா? ஜப்பானில் விற்கும் கேன்களில் 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள் என்றே அச்சிடுகிறார்கள்.

இப்போது அடுப்பை மேலிருந்து பாருங்கள். எரியும் பர்னருக்கும் அந்தக் கேனுக்கும் நடுவே ஒரு சாண் தூரம், ஒரு தகட்டு மறைப்பு. அவ்வளவுதான். சின்ன டீ கெட்டில் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாம் கெட்டிலா வைக்கிறோம்? நம் வீட்டு இரும்பு தோசைக்கல்லை வையுங்கள். அதன் விளிம்பு ஸ்டாண்டைத் தாண்டி, தகட்டைத் தாண்டி, கேன் இருக்கும் அறையின் மேலேயே கூரையாக நிற்கும். கனத்த கல் சூட்டைக் குடித்துக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். பத்துப் பேருக்குத் தோசை வார்த்து முடிப்பதற்குள் கேன் எவ்வளவு சூடேறியிருக்கும் என்று யார் மூடியைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தென்கொரியாவில் இந்த அடுப்பு இல்லாத வீடு அபூர்வம். அங்கே நடக்கும் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம், ஸ்டாண்டைவிடப் பெரிய வாணலியும் இறைச்சி வாட்டும் பெரிய கல்லும்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். கேஸ் விபத்து நடந்த மறுநாள் செய்தியைப் படித்தால், 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும். யாருடைய கவனக்குறைவு? பெரும்பாலும் அடுப்படியில் நின்ற பெண்ணுடையது. இடுப்பில் குழந்தை, வாசலில் கூரியர், காதில் போன், அடுப்பில் குழம்பு என்று நிற்பவரிடம், 'நீ இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்' என்று சொல்வது நியாயமா? சமைப்பவர் அசதியாக இருப்பார், அவசரத்தில் இருப்பார், பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்திருக்க மாட்டார். அதைத் தெரிந்துகொண்டு அடுப்பைச் செய்ய வேண்டியது செய்பவரின் பொறுப்பு.

அப்படிச் செய்ய முடியுமா? முடியும். செய்திருக்கிறார்கள்.

நல்ல அடுப்பில் கேன் அமரும் விதத்தைக் கவனியுங்கள். கேனின் கழுத்து வளையத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அடுப்புக்குள் அதற்குப் பொருந்தும் ஒரு முனை. வெட்டு மேலே பார்த்து இருந்தால்தான் கேன் உள்ளே உட்காரும். ஏன் இந்தப் பிடிவாதம்? கேனுக்குள்ளே வளைந்த ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. கேன் படுத்திருக்கும்போது குழாயின் வாய் மேல் பக்கம், வாயு நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். புரண்டு கிடந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே பர்னருக்குப் போய், தீ கட்டுக்கடங்காமல் சீறும். ஒரு வெட்டு, ஒரு முனை. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியில் அடக்கமாக வைப்பதற்காகப் பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். அப்படியே மறந்துபோய்ப் பற்றவைத்தால் பாத்திரம் நெருப்பின் மேல் அமுங்கி உட்கார்ந்து, சூடு பக்கவாட்டில் பரவும். ஜப்பானியத் தயாரிப்புகள் சிலவற்றில் ஸ்டாண்டு கவிழ்ந்திருக்கும் வரை கேனைப் பொருத்தவே முடியாது. அதேபோல நாப் 'ஆன்' பக்கம் திரும்பியிருந்தால் லீவர் இறங்காது. மறதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மனிதர்கள் உட்கார்ந்து யோசித்த வேலை இது.

உயிர்நாடியான பாகம் கண்ணுக்குத் தெரியாது. கேன் சூடேறி அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால், பூட்டு தானாக விடுபட்டுக் கேன் பின்னால் தள்ளப்படும். கேஸ் நின்று தீ அணையும். தோசைக்கல் தவறுக்கான பதில் இதுதான். ஆனால் இந்தப் பாகம் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். 2015இல் ஆஸ்திரேலியாவில் இந்த வகை அடுப்புகள் பலவற்றுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்புச் சான்றை அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்கள். கடையில் விற்றுக்கொண்டிருந்த அடுப்புகளை எடுத்துச் சோதித்தபோது, அழுத்தம் ஏறியும் கேன் துண்டிக்கப்படவில்லை என்பதுதான் காரணம். சான்று வாங்கிய அடுப்புகளே அப்படி என்றால், சான்று என்ற பேச்சே இல்லாமல் நம் வாசலுக்கு வந்து இறங்கும் பெட்டிகளைப் பற்றி என்ன சொல்வது?

கொரியா இன்னொரு படி போனது. அடுப்பு கைவிட்டாலும் கேன் வெடிக்கக் கூடாது என்று, கேனின் விளிம்பிலேயே நுண்ணிய வெளியேற்றும் வழிகளை அமைத்தார்கள். அழுத்தம் எல்லை மீறினால் விளிம்பு விரிந்து, வாயு அந்த வழிகளில் வெளியேறிவிடும். கேன் துண்டு துண்டாகச் சிதறுவது தவிர்க்கப்படுகிறது. 2023 முதல் அங்கே வெடிப்புத் தடுப்பு வசதி கேன்களுக்குக் கட்டாயம்.

ஜப்பானின் கோபே நகரக் கதையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க மனமில்லை. 1995 ஜனவரி 17, விடியும் முன்பே பூகம்பம். குழாய் வழி கேஸ் 8.5 லட்சம் வீடுகளுக்கு மேல் நின்றுபோனது. முழுவதும் திரும்பி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. கடுங்குளிரில் மக்களுக்குச் சுடச்சுட ஏதாவது கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் இந்தக் குட்டி அடுப்புகள்தான். நிவாரணமாகக் கேன்கள் வந்து குவிந்தன. ஆனால் ஒரு கம்பெனியின் கேன் இன்னொரு கம்பெனியின் அடுப்பில் பொருந்தவில்லை! கையில் அடுப்பு இருக்கிறது, பக்கத்தில் கேனும் இருக்கிறது, பற்றவைக்க வழியில்லை. பொருந்தாததைப் பொருத்தினால் கசியும். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1998இல் கேனின் அளவையும் வடிவத்தையும் ஜப்பான் தேசியத் தர அளவுகோலில் ஒன்றாக்கியது. இன்று அங்கே கேன்களை ஏழு வருடத்துக்குள்ளும் அடுப்பைப் பத்து வருடத்துக்குள்ளும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். இரும்புக்காக அல்ல, கேனும் அடுப்பும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையங்களுக்காக. ரப்பர் காய்ந்து விறைத்துப்போனால் கசிவுதான்.

நம் வீட்டு சிலிண்டர் கேஸுக்கு ஒரு நாற்றம் உண்டே, அதுவும் இப்படி வந்ததுதான். இயல்பில் வாசனையே இல்லாத வாயு அது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்திருந்த எரிவாயு வெடித்து, 300 பேர் அளவுக்கு இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகே வாயுவில் நாற்றம் சேர்க்க அங்கே சட்டம் வந்தது. 'மூக்கைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்' என்று யாரும் பெற்றோருக்குப் புத்தி சொல்லவில்லை, வாயுவை மாற்றினார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நல்ல வடிவமைப்பு எல்லாவற்றையும் தோற்கடிக்கும் ஒரு பழக்கம் பரவுகிறது. காலிக் கேனில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் நிரப்பிக்கொள்ள ஓர் அடாப்டர் விற்கிறார்கள். கேன் விலை மிச்சம் என்று வீடியோவும் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் சிலிண்டரில் பியூட்டேனோடு புரொப்பேனும் கலந்திருக்கிறது. அதே வெயிலில் அந்தக் கலவை தரும் அழுத்தம் தனி பியூட்டேனைவிட இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். ஒரு முறை பயன்படுத்தி எறிவதற்கென்று செய்த மெல்லிய தகட்டுக் கேன் அதைத் தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் குழந்தைகள் பக்கத்தில் வைப்பது?

ஊட்டிக் குளிரில் வேறொரு ஆபத்து. பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது பியூட்டேன் ஆவியாக மறுக்கும், தீ சோர்ந்துவிடும். உடனே கேனை வெந்நீரில் வைப்பது, இன்னொரு அடுப்பருகே காட்டுவது என்று ஆரம்பிக்கிறோம். இதற்கும் வடிவமைப்பில் பதில் உண்டு. பர்னரின் சூட்டை அளவாகக் கேனுக்குக் கடத்தும் உலோகத் தகடு வைத்த அடுப்புகள் வருகின்றன. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் அதைத் தேடி வாங்கலாம். டென்ட்டுக்குள்ளே மட்டும் எந்த அடுப்பும் வேண்டாம். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை.

ரயிலில் எடுத்துப்போகலாமா என்று ஒரு கேள்வி வரும். கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் உத்தரப்பிரதேச யாத்ரீகர்கள் 9 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். விதியை மீறி உள்ளே ஏற்றிய கேஸ் சிலிண்டரில் தேநீர் போட முயன்றபோது பிடித்த தீ அது. சிலிண்டர் பெரியது, கேன் சின்னது என்று ரயில்வே சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று வருடம் வரை சிறைக்கு அதில் இடம் இருக்கிறது.

காலிக் கேன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'காலி' என்று நாம் நினைக்கும் கேனில் கொஞ்சம் வாயு எப்போதும் இருக்கும். தெருமுனைக் குப்பையோடு அது எரிகிறது. போகி அன்று பழைய பாயோடு சேர்ந்து நெருப்பில் விழுகிறது. சுற்றி நிற்பது யார்? பறையடித்துக்கொண்டு நிற்கும் நம் பிள்ளைகள். தீர்ந்த கேனைத் தனிப் பையில் போட்டு, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது நியாயமான ஒன்றுதான். இந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு மாடலும் சூடேற்றிச் சோதிக்கப்பட்டு, முத்திரை பெற்ற பிறகே விற்பனைக்கு வரட்டும். கடைக்கு ஒரு விதி, ஆன்லைனுக்கு ஒரு விதி வேண்டாம். நம் தோசைக்கல்லை வைத்தே சோதிக்கட்டும்; இங்கே அதில்தான் சமைக்கப்போகிறோம்.

அதுவரை, வாங்கப் போகும் நீங்கள் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். அழுத்தம் கூடினால் கேனைத் தானே துண்டிக்கும் வசதி இருக்கிறதா, அது பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீ மூட்டாமல், ஸ்டாண்டைக் கவிழ்த்துவிட்டு, கேனை வைத்து லீவரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிக்கொண்டால் வேறு மாடல் கேளுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கேன் சேரும் இடத்து ரப்பரை விரலால் தொட்டுப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தால் அந்த அடுப்பு வேண்டாம்.

கடையில் என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். கேட்ட வசதிகள் இருந்த மாடல் எது, விலை என்ன, எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரத்தோடு வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்