முகவிளக்கும் களிம்பும்

மோட்டார் வண்டியின் முகவிளக்கு மங்கினால் ஜனங்கள் முதலில் பழிப்பது பல்பை, அடுத்தபடி பாட்டரியை. இரண்டையும் பணம் கொடுத்து மாற்றிய பிறகே, பரம சாதுவைப்போல் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்சின்மேல் சந்தேகம் விழுகிறது. சோழவரம் விமானத் தளத்தில் ஒரு காலத்தில் பந்தயம் ஓடினவே, அந்த இனத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில், பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

விம்கோ நகரில் ஒரு சிறு பட்டறையில் அத்தகைய வண்டி ஒன்றைக் கண்டேன். இரண்டே ஆசனம், வயது அறுபதுக்கு மேல். விளக்கு ஐந்து நிமிஷம் எரியும், அணையும், ஆறினால் மறுபடி எரியும். துறைமுகத்து லாரிகள் அணிவகுத்து வரும் எண்ணூர் சாலையில், நடு இரவில் இப்படிக் கண்ணை மூடிக்கொள்ளும் வண்டியில் பிரயாணம் செய்வது பிராணாபத்து.

காரணம் எளிய கணக்கு. இரு விளக்குகளுக்கும் சேர்த்து 120 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர் மின்சாரம் ஓட வேண்டும். பழைய வண்டிகளில் அவ்வளவும் ஸ்விட்சுக்குள் இருக்கும் சிறு பித்தளைத் தகடுகளின் வழியாகவே செல்கிறது. கடற்காற்றில் அவற்றின்மேல் களிம்பேறி, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானாலும் போதும். ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். தொலைந்த 10 வாட்டும் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் உஷ்ணமாக மாறும். சூட்டினால் வில் துவளும். துவண்டால் பிடிப்புத் தளரும். தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். இந்த நிலையில் 100 வாட் பல்புகளை வாங்கி மாட்டும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்!

பட்டறைக்காரர் எதையும் கழற்றவில்லை. விளக்கை எரியவிட்டு, ஸ்விட்சின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய முள் ஒன்றைத் தாண்டி நின்றது. அப்புறம்தான் வேலை. முதலில் பாட்டரியின் இணைப்பை எடுத்தார். நிறம் மங்கிய கம்பிகளுக்கு அடையாளமாக நூல் கட்டினார். ஸ்விட்சைத் திறந்து, தகடுகளை நைஸான உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வில்லைச் சற்று நிமிர்த்தினார். விளக்கின் கம்பி வண்டியின் உடலோடு சேரும் திருகையும் மறக்கவில்லை. அங்கும் களிம்பு இருந்தது.

கடைசியாக ஒரு ரிலேயைப் பொருத்தினார். இனி 10 ஆம்பியரும் பாட்டரியிலிருந்து ப்யூஸ் வழியாக ரிலேக்குச் சென்று விளக்கை அடையும். ஸ்விட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும், மூட்டை சுமக்காது. முகப்பிலுள்ள பழைய குமிழ் பழையபடியே இருக்கும்.

ஸ்விட்சைத் தூக்கி எறிந்துவிட்டு அயல்நாட்டிலிருந்து புதிது தருவிக்கலாமே என்று உடைமைக்காரரிடம் சிலர் சொன்னார்களாம். 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது இதே எண்ணூரில். 1956 முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவானது திருவொற்றியூரில். மோட்டார் மின்கருவிகளுக்கென்று 1961-ல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஏற்பட்டது. இத்தனை தொழிற்சாலைகளின் நிழலில் வளர்ந்த கைத்திறன் தெருக்கோடியில் இருக்கும்போது, கப்பலை எதிர்பார்ப்பானேன்?

வேலை முடிந்தபின் முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. அரை மணி நேரம் எரியவிட்டு ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்தே இருந்தது. கடலோரமாகையால், ஆறு மாதத்துக்கொரு முறை வந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போகும்படி பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார்.